பிரித்தானியக் கடவுச்சீட்டு இருந்தால் என்எச்எஸ் இலவசமா?

ஓய்வு பெற்றபின் லண்டனில் ஹரோவிலோ ஈஸ்ட்ஹாமிலோ இருந்த வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டு ஊரோடு போய் இருக்கிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். சிலர் யாழ்ப்பாணத்தில், சிலர் சென்னையில். கையில் பிரித்தானியக் கடவுச்சீட்டு இருக்கிறது. அரச ஓய்வூதியமான ஸ்டேட் பென்ஷன் தவறாமல் வங்கிக்கு வருகிறது. பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவையான என்எச்எஸ் தந்த பத்து இலக்க எண் பழைய கடிதமொன்றில் பத்திரமாக இருக்கிறது. பெரிய வருத்தம் ஏதும் வந்தால் லண்டனுக்கு விமானம் ஏறிவிடலாம் என்பது பலரின் மனக்கணக்கு. அந்தக் கணக்கு பிழை. மூன்றும் இருந்தும், இங்கிலாந்து வைத்தியசாலையில் முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சைக்கு முழுச் செலவையும் அதன்மேல் இன்னொரு பாதியையும் கட்டவேண்டி வரலாம். அதே ஆள் நிரந்தரமாகத் திரும்பி வந்திருந்தால், வந்த நாளிலிருந்தே ஒரு சதமும் கட்ட வேண்டியதில்லை.

இங்கே சொல்வது இங்கிலாந்தின் விதிகள். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் தனித்தனி விதிகள் உண்டு. அடிப்படை ஒன்றுதான் என்றாலும் விதிவிலக்குகளில் வேறுபாடு இருக்கிறது.

வரி கட்டியவருக்கு அல்ல, வாழ்கிறவருக்கு

"முப்பது வருஷம் நாஷனல் இன்சூரன்ஸ் கட்டினனான், எனக்கு ஏன் பில்?" என்று கேட்காதவர் இல்லை. கோபம் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் என்எச்எஸ் 1948 ஜூலை 5ஆம் திகதி தொடங்கியபோதே காப்புறுதித் திட்டமாக அமைக்கப்படவில்லை. ஜெர்மனியைப் போலச் சந்தா கட்டியவருக்குச் சிகிச்சை என்ற ஏற்பாடு அங்கே இல்லை. அதன் பணத்தில் பெரும்பகுதி பொது வரியிலிருந்து வருகிறது. சம்பளத்தில் வெட்டப்படும் நாஷனல் இன்சூரன்ஸ் கொடுப்பது சிறு பங்கு. நாஷனல் இன்சூரன்ஸ் கட்டிய வருடங்களை எண்ணுவது ஓய்வூதியத் திணைக்களம். வைத்தியசாலை அவற்றைப் பார்ப்பதே இல்லை. வாழ்நாள் முழுக்க உழைத்தவரும் ஒருநாளும் வேலைக்குப் போகாதவரும் அந்த நாட்டில் வாழ்ந்தால் சமம், வாழாவிட்டாலும் சமம்.

நாட்டில் வாழாதவரிடம் கட்டணம் வாங்கும் அதிகாரத்தை 1949இலேயே நாடாளுமன்றம் கொடுத்துவிட்டது. உண்மையில் வாங்கத் தொடங்கியது 1982இல். அதன் பிறகும் வெளிநாடு போன பிரித்தானியருக்குச் சில கதவுகள் திறந்திருந்தன. பத்து வருடம் தொடர்ந்து வாழ்ந்துவிட்டு வெளிநாட்டில் வேலைக்குப் போனவர், ஐந்து வருடம் தாண்டாதவரை, விடுமுறையில் வந்து இலவசமாகச் சிகிச்சை பெற்றுப் போகலாம் என்பது அவற்றில் ஒன்று. 2015 ஏப்ரல் 6இல் நடைமுறைக்கு வந்த வெளிநாட்டு வருகையாளர் கட்டண விதிகள் அந்தக் கதவைச் சாத்தின. இன்று வெளிநாட்டில் இருந்தபடியே விலக்குப் பெறுகிறவர்கள் சிறு கூட்டம்: படையினர், போர் ஓய்வூதியம் பெறுபவர், பிரித்தானிய அரச பணியாளர், பிரிட்டிஷ் கவுன்சில் ஊழியர் போன்றோர். துபாயில் தனியார் கம்பனியில் வேலை செய்யும் பிரித்தானியக் குடிமகனுக்கு அதில் இடமில்லை.

வழமையான வதிவிடம் என்றால் என்ன?

சட்டத்தின் சொல் 'வழமையான வதிவிடம்'. அதற்கு விளக்கம் சட்டப் புத்தகத்தில் இல்லை. நீதிமன்றத் தீர்ப்பில் இருக்கிறது. பார்னெட் நகரசபைக்கு எதிராக ஷா என்ற மாணவர் தொடர்ந்த வழக்கில், 1982 டிசம்பரில், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதி ஸ்கார்மன் பிரபு கொடுத்த விளக்கம்தான் இன்றுவரை அளவுகோல். வழக்கு வைத்தியம் பற்றியதல்ல, மாணவர் கல்வி உதவித்தொகை பற்றியது. ஒருவர் சட்டப்படி நாட்டில் இருக்கவேண்டும். தன் விருப்பத்தோடு வந்திருக்கவேண்டும். இப்போதைக்கு அவரது வாழ்க்கையின் வழக்கமான ஒழுங்கு அங்கே, நிலையான ஒரு நோக்கத்தோடு, அமைந்திருக்கவேண்டும். காலம் குறுகியதா நீண்டதா என்பது பொருட்டல்ல.

இதில் மூன்று விடயங்களைக் கவனிக்கவேண்டும். ஒன்று, நாள் கணக்கு இல்லை. "ஆறு மாதம் இருந்த பிறகுதான் இலவசம்" என்று வைத்தியசாலை வரவேற்பு மேசையிலேயே சொல்லிவிடுவார்கள். அப்படி ஒரு விதி கிடையாது. நிரந்தரமாகத் திரும்பிய பிரித்தானியக் குடிமகன் ஹீத்ரோவில் இறங்கிய அன்றே தகுதி பெற்றுவிடுகிறார். இரண்டு, நிரந்தரம் என்றால் சாகும்வரை என்று அர்த்தமில்லை. மூன்று வருடப் பட்டப்படிப்பும், இரண்டு வருட வேலை ஒப்பந்தமும் நிலையான நோக்கம்தான். மூன்று, ஒருவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு நாடுகளில் வழமையான வதிவிடம் இருக்கலாம். ஊரில் வீடு இருப்பது மட்டுமே தகுதியைக் கெடுக்காது.

வருத்தம் வந்ததால்தான் திரும்புகிறேன் என்பவரைப் பற்றித்தான் அதிகக் குழப்பம். நோயை மறைத்துப் பேசவேண்டும் என்று உறவினர்கள் சொல்லிக்கொடுப்பதும் நடக்கிறது. அது தேவையில்லை, ஆபத்தும்கூட. மனிதர்கள் ஓரிடத்தில் வாழத் தேர்ந்தெடுக்கும் சாதாரண காரணங்களை ஸ்கார்மன் பிரபு வரிசைப்படுத்தியபோது கல்வி, தொழில், குடும்பம் என்பவற்றோடு உடல்நலத்தையும் சேர்த்தே சொன்னார். அந்த இடத்தின் மேலுள்ள பிரியம்கூட அந்தப் பட்டியலில் உண்டு. வைத்தியசாலை கேட்கவேண்டியது சிகிச்சை முடிந்த பிறகு எங்கே வாழப்போகிறீர்கள் என்பதை. அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு இரண்டு மாதத்தில் ஊருக்குப் போகிறவர் வருகையாளர். நோயோடு வந்து, மகள் வீட்டில் இனி இருக்கப்போகிறவர் குடியிருப்பாளர். பொய் சொல்லிப் பிடிபட்டால் கட்டணத்தோடு மோசடிக் குற்றச்சாட்டும் வரக்கூடும்.

இதே விளக்கத்திலிருந்து பிறந்த ஒரு விசித்திரம்: வெளிநாட்டில் வளர்ந்த பிரித்தானியக் கடவுச்சீட்டுப் பிள்ளை பட்டப்படிப்புக்கு லண்டன் வந்தால் வைத்தியம் முதல் நாளிலிருந்தே இலவசம். ஆனால் உள்நாட்டு மாணவருக்கான கல்விக் கட்டணம் பெற, படிப்புத் தொடங்குமுன் மூன்று வருட வதிவிடம் காட்டவேண்டும். வைத்தியசாலையில் உள்ளூராக இருப்பவர் பல்கலைக்கழகத்தில் வெளியூர்.

மேசைக்கு மறுபக்கம்

தகுதியைத் தீர்மானிப்பது குடும்ப வைத்தியரான ஜீபி அல்ல, உள்துறை அமைச்சும் அல்ல. சிகிச்சை கொடுக்கும் வைத்தியசாலை நிர்வாகம். ஒவ்வொரு நிர்வாகத்திலும் வெளிநாட்டு வருகையாளர் மேலாளர் என்று ஒருவரோ ஒரு சிறு குழுவோ இருக்கும். சிகிச்சைத் தவணைக்குப் போகும்போது எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்பார்கள்: கடந்த 12 மாதமும் எங்கே இருந்தீர்கள்? வழக்கமாக எங்கே வசிக்கிறீர்கள்? இதில் வெளிநாடு வந்தால் கோப்பு அந்த மேலாளரிடம் போகும்.

அடுத்தது நேர்காணல். அதில் ஒரு கேள்வி எப்படி வலையாகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். "திரும்பிப் போகும் பயணச்சீட்டு இருக்கிறதா?" என்று கேட்பார்கள். ஒருவழிச் சீட்டைவிட இருவழிச் சீட்டு மலிவாகக் கிடைக்கும் காலங்கள் உண்டு. நம்மவர்கள் மலிவானதை வாங்கி, திரும்பும் திகதியைச் சும்மா போட்டுவைப்பார்கள். மேலாளரின் கண்ணில் அது போகப்போகிறவரின் சீட்டு. கட்டண வித்தியாசத்தைக் காட்டும் ரசீதோ, திரும்பும் பயணத்தை இரத்துச் செய்த மின்னஞ்சலோ இருந்தால் அந்தக் கேள்வி அங்கேயே முடிந்துவிடும். இல்லாவிட்டால் மற்ற எல்லாப் பதில்களும் சந்தேகத்தோடு கேட்கப்படும். அதேபோல், "இப்போதைக்கு வந்திருக்கிறன், பிறகு பார்ப்பம்" என்று நம்மவர் பணிவாகச் சொல்லும் பதில் 'தீர்மானிக்கவில்லை' என்று எழுதப்படும். தீர்மானித்துவிட்டீர்கள் என்றால் தீர்மானித்துவிட்டேன் என்றே சொல்லுங்கள்.

என்னென்ன சான்று வேண்டும் என்று மூடிய பட்டியல் ஏதும் கிடையாது. ஒரு கடிதம் எல்லாவற்றையும் நிரூபிப்பதுமில்லை. இரண்டு பக்கமும் காட்டவேண்டும்: அங்கே வாழ்க்கை மூடப்பட்டது, இங்கே திறக்கப்பட்டது. மூடப்பட்டதற்கு, ஊர் வீட்டை விற்ற அல்லது வாடகைக்குக் கொடுத்த பத்திரம், வேலையை விட்ட கடிதம், சாமான் அனுப்பிய கப்பல் கம்பனியின் பற்றுச்சீட்டு, வதிவிட விசாவை இரத்துச் செய்த தாள். திறக்கப்பட்டதற்கு, வாடகை ஒப்பந்தம், வேலை ஒப்பந்தம், பிள்ளையின் பள்ளி அனுமதி, ஓய்வூதியத் திணைக்களத்துக்கு விலாசம் மாற்றியதற்கான பதில், வாக்காளர் பதிவு.

பிள்ளையோடு போய் இருக்கிற வயதானவர்களுக்குத்தான் இதில் கஷ்டம். வாடகை ஒப்பந்தம் இல்லை, மின்சார பில் மகளின் பெயரில், வேலையும் இல்லை. இவர்களுக்கு அதிகம் உதவுவது யாரும் யோசிக்காத ஒரு தாள். மகள் தனியாக இருந்து, நகரசபைக்குக் கட்டும் வீட்டு வரியான கவுன்சில் டாக்ஸில் தனியாள் தள்ளுபடி 25 சதவீதம் பெற்றுவந்தால், தகப்பன் நிரந்தரமாக வந்து சேர்ந்ததும் அந்தத் தள்ளுபடி பொதுவாக நின்றுவிடும். நகரசபைக்கு அறிவித்தே ஆகவேண்டும். அறிவித்தால் திகதி போட்டுத் திருத்திய பில் வரும். வருகையாளரை வைத்துக்கொண்டு யாரும் தள்ளுபடியை இழக்கமாட்டார்கள் என்பது மேலாளருக்கும் தெரியும். தள்ளுபடியை வைத்துக்கொண்டே "அப்பா நிரந்தரமாக வந்துவிட்டார்" என்று கடிதம் எழுதினால், அந்தக் கடிதமே எதிராகத் திரும்பும்.

ஜீபி பதிவு வேறு, தகுதி வேறு

மூன்று மாதத்துக்கு மேல் நாட்டைவிட்டுப் போகிறவரின் பெயரை ஜீபி பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்கள். இதனால் உரிமையே போய்விட்டதென்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. போகவில்லை. பட்டியலில் இடம்தான் போனது. மறுபுறம், ஊரிலிருந்து வந்த கையோடு ஜீபியில் பதிந்து, "எனக்கு என்எச்எஸ் கிடைத்துவிட்டது" என்று நிம்மதி அடைகிறவர்களும் உண்டு. அதுவும் சரியல்ல. ஜீபியில் யாரும் பதியலாம், வருகையாளரும் பதியலாம். அடையாள அட்டையோ விலாசச் சான்றோ காட்டவேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. இருந்தும் சில இடங்களில் கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். விதி உங்கள் பக்கம் என்பதைத் தெரிந்துவைத்துக் கதையுங்கள்.

பதிவுப் படிவத்தில் வெளிநாட்டிலிருந்து வருபவருக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. முன்பு பிரித்தானியாவில் இருந்திருந்தால் எப்போது வெளியேறினீர்கள் என்று அங்கே கேட்பார்கள். பழைய விலாசத்தையும் பழைய என்எச்எஸ் எண்ணையும் சரியாக எழுதினால் பழைய மருத்துவக் கோப்பு புதிய ஜீபிக்கு வந்து சேரும். பெயர் எழுத்துக்கூட்டல் மாறினாலோ, தகப்பன் பெயரும் சொந்தப் பெயரும் இடம் மாறினாலோ புதிய எண் உருவாகி, பழைய கோப்பு அநாதையாகக் கிடக்கும். தமிழ்ப் பெயர்களுக்கு இது அடிக்கடி நடக்கிற விபத்து.

வருகையாளருக்கும் இலவசமானவை

ஜீபியைப் பார்ப்பதும், அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போவதும் எல்லாருக்கும் இலவசம். ஆனால் அவசரப் பிரிவின் இலவசம் ஒரு வாசல்படியோடு நிற்கிறது. நெஞ்சுவலியோடு போய், ஈசிஜி எடுத்து, இரத்தம் பார்த்து, வீட்டுக்கு அனுப்பினால் பில் இல்லை. "வார்டில் சேருங்கள்" என்று எழுதிய நிமிடத்திலிருந்து கணக்கு ஓடத் தொடங்கும். பிறகு வெளிநோயாளர் பிரிவுக்கு வரச் சொன்னாலும் அப்படித்தான். உயிர் தப்பியதும் எல்லாம் இலவசமென்று நினைத்திருந்தவருக்கு இந்தப் பில்தான் இரண்டாவது மாரடைப்பு.

காசநோய், எச்ஐவி, மலேரியா, பாலியல் தொற்றுகள் போன்ற தொற்றுநோய்களுக்கு யாரிடமும் கட்டணம் இல்லை. நோய் மற்றவருக்குப் பரவாமல் இருப்பதுதான் அரசின் அக்கறை. குடும்பக் கட்டுப்பாட்டுச் சேவையும் இலவசம், கருக்கலைப்பு அதில் சேராது. ஜீபி எழுதிய மருந்துக்கு இங்கிலாந்தில் ஒரு மருந்துக்கு 9.90 பவுண் என்பது 2024 மேயில் வந்த கட்டணம். 60 வயதைத் தாண்டியவருக்கு அதுவும் இல்லை, அவர் வருகையாளராக இருந்தாலும்.

பில் எப்படிக் கூடுகிறது

கட்டணம் கட்டவேண்டியவரிடம் என்எச்எஸ் விலைப்பட்டியலின் 150 சதவீதம் வாங்கவேண்டும் என்பது 2015இலிருந்து விதி. பட்டியலில் ஒரு சிகிச்சை 6,000 பவுண் என்றால் கையில் வரும் பில் 9,000. 2017 அக்டோபர் 23இலிருந்து இன்னொரு மாற்றமும் வந்தது: அவசரமில்லாத சிகிச்சைக்குப் பணத்தை முன்கூட்டியே வாங்கவேண்டும், தராவிட்டால் சிகிச்சை இல்லை.

எது அவசரம் என்பதை முடிவுசெய்வது வைத்தியர், கணக்குப் பிரிவு அல்ல. உடனே தேவையானது, நாடு திரும்பும்வரை காத்திருக்க முடியாதது, காத்திருக்கக்கூடியது என்று மூன்றாகப் பிரிப்பார்கள். முதல் இரண்டையும் பணமில்லை என்று மறுக்கக்கூடாது. பில் பிறகு வரும். பிரசவம் எப்போதும் முதல் வகை. கண்புரையும் முழங்காலும் பெரும்பாலும் மூன்றாவது வகை. ஆகவே நிரந்தரமாகத் திரும்பியவர் தன் தகுதியை நிரூபிக்கமுடியாமல் போனால், அவருடைய முழங்கால் சிகிச்சை பணம் கட்டும்வரை நின்றுவிடும்.

500 பவுணுக்கு மேற்பட்ட கடன் இரண்டு மாதம் கட்டப்படாமல் இருந்தால் உள்துறை அமைச்சுக்குத் தகவல் போகலாம். குடிமகனுக்கு விசா தேவையில்லை, ஆகவே அது அவரைத் தொடாது. கடன் வசூல் கம்பனி தொடும். விசாவில் வருகிற கணவன் அல்லது மனைவியின் பெயரில் அப்படி ஒரு கடன் இருந்தால் அடுத்த விசாவே சிக்கலாகும்.

ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே

குளிருக்கு ஊர், கோடைக்கு லண்டன் என்று வாழ்கிறவர்களுக்கு நேரான பதில் இல்லை. இரண்டு இடத்திலும் வழமையான வதிவிடம் இருக்கலாம் என்பதால் கதவு திறந்தே இருக்கிறது. லண்டனில் பூட்டியோ திறந்தோ தனக்கென்று ஒரு வீடு அல்லது அறை, பல வருடமாக ஒரே ஒழுங்கில் வந்துபோவது, பிள்ளைகள், வங்கி, வரி எல்லாம் அங்கே இருப்பது என்றால் வாதம் பலமானது. வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டு, வருடத்துக்கு ஆறு வாரம் மகள் வீட்டு சோபாவில் படுத்துவிட்டுப் போகிறவர் வருகையாளர்தான், எத்தனை வருடம் அப்படி வந்தாலும். இடையில் இருக்கிறவர்களின் கதி வைத்தியசாலைக்கு வைத்தியசாலை மாறுகிறது. தெளிவான நாள் கணக்கு இல்லாதது ஒருவருக்கு வசதி, இன்னொருவருக்கு அநியாயம்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் இதற்கு நேரெதிர். மாகாண மருத்துவக் காப்புறுதியான ஓஹிப்பின் அட்டையை வைத்திருக்க எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 153 நாள் மாகாணத்துக்குள் இருக்கவேண்டும், எண்ணிவிடலாம். நிரந்தரமாகத் திரும்புகிறவருக்கு முன்பு மூன்று மாதக் காத்திருப்பு இருந்தது. கனடாவின் சுகாதாரச் சட்டம் அனுமதிக்கும் உச்ச எல்லையும் அதுதான். ஒன்ராறியோ 2020 மார்ச் 19இல் கோவிட் காரணமாக அந்தக் காத்திருப்பை நீக்கியது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் வந்த மாதத்தின் மிச்ச நாட்களும் அதன்மேல் இரண்டு மாதமும் காத்திருக்கவேண்டும். ரொறன்ரோவிலிருந்து லண்டனுக்கு மாறிய உறவினர் சொல்லும் விதியை இங்கிலாந்தில் நம்பக்கூடாது, மறுதலையும் அப்படியே.

எந்த நாட்டில் ஓய்வெடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தும் விதி மாறுகிறது என்பதுதான் இதில் மிகவும் உறுத்துவது. பிரித்தானிய ஓய்வூதியத்தோடு பாரிஸ் லாச்சப்பலில் குடியிருந்து, அவருடைய வைத்தியச் செலவைப் பிரித்தானியா ஏற்கிறது என்று காட்ட அது வழங்கிய எஸ்1 படிவத்தை அங்கே பதிந்திருப்பவர் லண்டன் வந்தால் என்எச்எஸ் இலவசம். அதே ஓய்வூதியத்தோடு நல்லூரிலோ அண்ணாநகரிலோ இருப்பவருக்கு இல்லை. இலங்கை, இந்தியா, கனடா எதனோடும் பிரித்தானியாவுக்கு மருத்துவ ஒப்பந்தம் கிடையாது. இந்த மூன்று நாடுகளிலும் இருப்பவரின் ஸ்டேட் பென்ஷன் வருடாவருடம் உயர்த்தப்படுவதும் இல்லை. ஒரே ஆளுக்கு இரண்டு அடி. வருகையாளராக வருகிறவர் பயணக் காப்புறுதி எடுப்பதைத் தவிர வழியில்லை. எடுக்கும்போது இருக்கிற நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் மறைக்காமல் எழுதவேண்டும், இல்லையேல் பணம் கேட்கும் நேரத்தில் கம்பனி கைவிரிக்கும்.

கூட வருகிறவர்கள்

குடிமகனின் உரிமை அவரோடு நிற்கிறது. ஊரில் கலியாணம் செய்த மனைவிக்குப் பிரித்தானியக் குடியுரிமை இல்லாவிட்டால் அவருக்குக் குடும்ப விசா தேவை. விசாவோடு சுகாதார மேல்கட்டணமும் கட்டவேண்டும். 2024 பெப்ரவரி 6இலிருந்து அது வயதுவந்தவருக்கு வருடம் 1,035 பவுண். வெளிநாட்டிலிருந்து எடுக்கும் முதல் விசா இரண்டு வருடம் ஒன்பது மாதம். மிச்ச ஒன்பது மாதமும் முழு வருடமாகக் கணக்கிடப்படுவதால் 3,105 பவுண். கட்டிவிட்டால் செயற்கைக் கருத்தரிப்பைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவர் குடியிருப்பாளரைப் போலவே நடத்தப்படுவார். ஆறு மாத விசிட் விசாவில் மனைவியைக் கூட்டிவந்து பிறகு மாற்றலாம் என்று நினைப்பது பிழை: அந்த விசாவில் மேல்கட்டணம் கட்ட வழியில்லை, கட்டணமுள்ள சிகிச்சை எல்லாம் 150 சதவீதம், உள்ளே இருந்துகொண்டு குடும்ப விசாவுக்கு மாறுவதும் சாதாரணமாக முடியாது.

நிரந்தர வதிவிட உரிமை மட்டும் பெற்று, குடியுரிமை எடுக்காமல் ஊருக்குப் போனவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். தொடர்ந்து இரண்டு வருடத்துக்கு மேல் வெளியே இருந்தால் அந்த உரிமை தானாகவே காலாவதியாகும். மீள்வரவு விசா எடுத்துத்தான் திரும்பவேண்டும்; கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை.

மருந்தும் கோப்பும்

தகுதி கிடைத்தாலும் சிகிச்சை உடனே கிடைக்காது. இங்கிலாந்தின் காத்திருப்புப் பட்டியல் 2025இல் 70 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. சென்னையில் அடுத்த வாரம் முடிகிற ஸ்கானுக்கு அங்கே மாதங்கள் போகும். ஆகவே ஊரில் செய்த பரிசோதனைகளை வீணாக்காமல் கொண்டுவருவது முக்கியம். ஸ்கானின் அறிக்கை மட்டும் போதாது. படங்கள் அடங்கிய சீடியையும் கேட்டு வாங்குங்கள். வைத்தியசாலையிலிருந்து விடுவித்தபோது தந்த சுருக்கக் குறிப்பு ஆங்கிலத்தில், வைத்தியரின் முத்திரையோடு இருக்கட்டும். மருந்துப் பெயர் கம்பனிப் பெயராக இல்லாமல் வேதிப் பெயராகவும் மில்லிகிராம் அளவாகவும் எழுதப்பட்டிருக்கவேண்டும். இந்தியாவில் இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்து ஒரே மாத்திரையாக விற்பவை பல இங்கிலாந்தில் கிடைப்பதில்லை. ஜீபி அவற்றைப் பிரித்துத்தான் எழுதுவார். பதிவு முடிந்து முதல் தவணை கிடைக்கும்வரை தாக்குப்பிடிக்கிற அளவு மருந்து கையில் இருக்கட்டும். ஊருக்குப் போகிற பக்கமும் இதே கவனம் தேவை: போகுமுன் ஜீபியிடம் கோப்பின் பிரதியை எழுத்தில் கேட்டால் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு மாதத்துக்குள், இலவசமாகத் தரவேண்டும்.

பராமரிப்பு என்பது வேறு கணக்கு. வைத்தியசாலை இலவசம் என்பதால் முதியோர் இல்லமும் இலவசம் என்று நினைக்கவேண்டாம்; அதற்குச் சொத்து பார்ப்பார்கள், 23,250 பவுணுக்கு மேல் இருந்தால் சொந்தச் செலவு. ஓய்வூதிய வயதினருக்கான பராமரிப்பு உதவித்தொகைக்கு, கடந்த 156 வாரத்தில் 104 வாரம் நாட்டில் இருந்திருக்கவேண்டும். வைத்தியத்தில் இல்லாத நாள் கணக்கு இங்கே இருக்கிறது.

பில் பிழையென்றால்

முதலில், எந்த அடிப்படையில் கட்டணம் கட்டவேண்டியவர் என்று முடிவுசெய்தார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். வாய்ப் பேச்சில் "ஆறு மாதம்" என்று சொன்னவர்கள் எழுத்தில் அதைச் சொல்லத் தயங்குவார்கள். அடுத்து, சான்றுகளைத் திகதி வரிசையில் அடுக்கி, ஒரு பக்கக் கடிதத்தோடு வெளிநாட்டு வருகையாளர் மேலாளருக்கு அனுப்புங்கள். வந்த திகதி, தங்கும் விலாசம், ஏன் வந்தோம், ஊரில் எதை முடித்தோம் என்ற நான்கும் அதில் இருந்தால் போதும். முடிவு மாறாவிட்டால் வைத்தியசாலையின் பால்ஸ் என்ற நோயாளர் ஆலோசனைப் பிரிவு உதவும். அதற்கு மேல் முறையான முறைப்பாடு, 12 மாதத்துக்குள். அதிலும் திருப்தியில்லை என்றால் நாடாளுமன்ற மற்றும் சுகாதாரக் குறைகேள் அதிகாரி. பணத்தைக் கட்டிவிட்டோமே, இனி என்ன என்று விடவேண்டியதில்லை. சிகிச்சை நேரத்தில் வழமையான வதிவிடம் இருந்தது என்று பின்னர் நிரூபித்தாலும் கட்டிய தொகையை நிர்வாகம் திருப்பித் தரவேண்டும். அதனால் ரசீதுகளையும், தவணைமுறையில் கட்ட உடன்பட்டிருந்தால் அந்தக் கடிதத்தையும் சேர்த்து வைத்திருங்கள்.